ஐயாவு விழுங்கிய பேச்சு

ஐயாவுக்கு ஒன்றுமில்லை, மனிதர் நடிக்கிறார் என்றுதான் அவர் மனைவி அழகாயி முதலில் நினைத்தாள். கையும் காலும் நன்றாக இருந்தன. பழைய கதைகள் எல்லாம் நினைவில் இருந்தன. வாய் மட்டும் தனியாகக் கெட்டுப்போகும் என்றால் அதை எப்படி நம்புவது?

மாத்தளைக் கடைத்தெருவில், மக்கீன் முதலாளியின் சேலைக்கடையில் முப்பது வருஷமாக நிற்பவர் ஐயாவு. பொறுமைக்குப் பேர்போனவர். கல்யாண வீட்டார் அலமாரியையே காலி பண்ணிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு எழுந்தாலும், "அடுத்த கிழமை புதுசு வரும், வாங்கம்மா" என்று வாசல்வரை போய் வழியனுப்புவார். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். அவர் குரல் உயர்ந்து கடையில் யாரும் கேட்டதில்லை. வீட்டில் அழகாயியும் கேட்டதில்லை.

பொங்கல் வியாபாரத்தின்போது மேல்தட்டிலிருந்து ஒரு சேலைக்கட்டை எடுக்க ஏணியில் ஏறியவர் தவறி விழுந்தார். நெற்றி தரையில் மோதியது. சில வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, தழும்போடு திரும்பி வந்தார்.

சிங்கள வாடிக்கையாளர் முன்னால் கடைக்காரர்கள் தமக்குள் தமிழில் ஒரு வார்த்தை பேசிக்கொள்வது அந்தத் தெருவின் பழக்கம். 'இது எடுக்காது, மடிச்சு வை' என்பார்கள். முகம் மட்டும் சிரித்தபடி இருக்கும். வேலைக்குத் திரும்பிய முதல் நாளே ஐயாவு அந்த வார்த்தையைச் சிங்களத்தில் சொன்னார். பலாபத்வலயிலிருந்து வந்திருந்த ஓர் ஆசிரியையின் முகத்தைப் பார்த்து, அதே இனிய குரலில், "மிஸ் எடுக்கப் போறதில்ல. காத்தாடிக்குக் கீழ உட்காரத்தான் வந்திருக்கீங்க" என்றார். ஆசிரியை எழுந்து போய்விட்டாள். மக்கீன் அவரை உக்குவளையில் இருந்த வீட்டுக்கே அனுப்பிவைத்தார்.

வீட்டில் சில நாள் சுமாராகப் போனது. ஒரு காலையில் அழகாயி பக்கத்து வீட்டுக்காரி குழாயைத் திறந்துவிட்டுப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐயாவு நிமிர்ந்து பார்த்தார்.

"ஒன் சத்தம் கேட்டாலே திரும்பிக் கடைக்குப் போயிரலாம்னு இருக்கும்."

"எப்ப இருந்து?"

"கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து."

"அப்ப ஏன் வந்தீங்க?"

"வந்தேன்தானே" என்றார் அவர், ஒன்றும் நடக்காததுபோல.

அன்றிலிருந்து அழகாயி அவரைக் கண்காணிக்கத் தொடங்கினாள். அவள் கணக்கு எளிதானது. தன்னிடம் மட்டும் வாய் நீண்டு, சம்பளம் கொடுக்கிறவரிடம் அடங்கினால் அது நடிப்பு. நோய்க்கு ஆள் பார்க்கத் தெரியாது. மக்கீன் முதலாளியை வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் விட்டாள்.

மக்கீன் பிஸ்கட் பெட்டியோடு வந்தார். "எப்படி ஐயாவு அண்ணே, சொகமா ஈக்கிறீங்களா?"

"சொகம் முதலாளி. ஒங்க வாப்பாவுக்குத் துணியத் தொட்டாலே தரம் தெரியும். ஒங்களுக்குக் கண்ணாடி போட்டும் தெரியல."

மக்கீனின் சிரிப்பு பாதியில் நின்று, பிறகு ஒருவழியாக முடிந்தது. "பாத்தீங்களா அக்கா, இத இத்தின வருஷமா எங்க வெச்சிருந்தாரு?" என்றவர், பைக்குள்ளிருந்து அளவு நாடாவை எடுத்தார். "விழுந்த எடத்துலயே கெடந்திச்சி. இவரு இத ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சாருண்டா உள்ளுக்குக் கோவம். கடையில எல்லாருக்கும் தெரியும். ஒரு கஸ்டமருக்கும் தெரியாது."

அழகாயி நாடாவைக் கையில் வாங்கினாள். நாடா வீட்டுக்கும் வரும். 'கடையக் கழுத்துல கட்டிக்கிட்டு வராதீங்க' என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். சாப்பாடு முடியும்வரை அவர் கழற்றியதில்லை. அவள் பேசப் பேச அந்தக் கைகள் எங்கே இருந்தன?

நடிப்பில்லை என்று தெரிந்துவிட்டது. அதில் ஆறுதல் ஒன்றுமில்லை. இப்போது நடிக்கவில்லை என்றால், முன்பு நடித்திருக்கிறார்.

அடுத்த முறை மருந்துக்குப் போனபோது டாக்டர் வாகினியிடம் கேட்டேவிட்டாள். வாகினி யாழ்ப்பாணத்துப் பெண், அவசரப்படாமல் பேசுவாள்.

"மனசுல உள்ளதுதானே டாக்டர் வெளிய வருது?"

"மனசில வாறதெல்லாம் உள்ளதெண்டு ஏன் நினைக்கிறீங்கள், அம்மா? எல்லாருக்கும் ஆயிரம் வரும். சொல்ல வெளிக்கிட்டதைக்கூட நாக்கு நுனியில வச்சு மறிக்கிற வேலை மூளையின்ர முன்பக்கத்தில நடக்குது. இவருக்கு அடிபட்டது அங்கதான். வந்த எண்ணமும் அவர்தான், மறிச்சதும் அவர்தான். ரெண்டாவதை ஏன் கணக்கில எடுக்கிறீங்களில்லை?"

கிழிசல் உள்பக்கம் போகும்படி சேலையை மடித்துக் காட்டுவது அழகாயியின் கணவருடைய தொழில். படித்தவர்களும் பேச்சை அப்படித்தான் மடிக்கிறார்களோ என்று நினைத்தாள்.

"பேச முதல் கையில எதையாவது பிடிச்சு, கொஞ்சம் தாமதிக்கப் பழக்குங்கோ" என்றாள் வாகினி. "முழுசா வருமெண்டு சொல்லமாட்டன். பழகினால் கொஞ்சம் வரும்."

பஸ்ஸை விட்டு இறங்கி வரும் வழியில் ரயில் கேட் திறந்துதான் இருந்தது. ஐயாவு அங்கே நின்றார். தினமும் மாலையில் அவர் அந்த இடத்தில் நிற்பதை அழகாயி அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். மூச்சு வாங்க நிற்கிறார் என்று நினைத்திருந்தாள். இப்போது கேட்டால் உண்மை வரும். அதுதான் பயம். ஆனாலும் கேட்டாள்.

"ஏன் இங்க நிப்பீங்க?"

"நின்னா அடங்கும். அப்புறம் வருவேன்."

"எது அடங்கும்?"

"போயிரலாம்ங்கிறது."

"ஒரு நாளாச்சும் அடங்காம இருந்திருக்கா?"

அவர் யோசித்தார். "மழை பேஞ்சா நிக்கமாட்டேன். நேரா வீட்டுக்கு வந்துருவேன்."

அழகாயிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சலோடேயே நடந்தாள். மழை நாளும் வெயில் நாளுமாக அந்த மனிதர் வராத நாள் ஒன்றைத் தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை. அது அன்பா, பழக்கமா, போக்கிடம் இல்லாததா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாடாவை எடுத்து அவர் கழுத்தில் போட்டாள். "டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா? வாயத் தொறக்க முன்ன இதப் புடிங்க."

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, வேண்டுமென்றே பக்கத்து வீட்டுக் குழாய்க் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தாள். பாதிக் கதையில் அவர் வாய் திறந்தது. கைகள் தடுமாறி மேலே போய் நாடாவின் இரு நுனியையும் பற்றின. உதடுகள் அசைந்தன, மூடின, மறுபடி அசைந்தன. தொண்டையில் ஏதோ இறங்கியது.

"தேத்தண்ணி நல்லா இருக்கு" என்றார்.

முதலில் வந்த சொல் அதுவல்ல என்று அழகாயிக்குத் தெரியும். நாடாவைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. என்ன சொல்ல வந்தீங்க என்ற கேள்வி அவள் நாக்குவரை வந்துவிட்டது. கேட்டால் அவர் சொல்லிவிடுவார்.

அவள் கேத்தலை எடுத்து அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.