கட்டுக்குள் ஒரு தகட்டுப் பாதம்

என் மனைவியின் அண்ணனை நான் வெறுக்கிறேன். வயது முதிர்ந்த, படித்த ஒருவன் எழுதத் தகாத வாக்கியம் இது. மாற்றி எழுதிப் பார்த்தேன், பொய்யாக வந்தது.

அவளுக்குச் சர்க்கரை நோய். வலது பாதத்தின் அடியில் செருப்பு கடித்த சிறு புண், மாதங்கள் கடந்தும் ஆறாமல் ஆழமாகிக்கொண்டே போனது. புது நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றிருந்த நான் அவளுடன் வில்லாபுரத்தில் குடியிருந்தேன். அறுவை மருத்துவர், ‘நானோ சில்வர்’ எனும் நுண்துகள் வெள்ளி சேர்த்த கட்டுத்துணியைப் பரிந்துரைத்தார். மதுரைக்கு அது புதிது. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கே இருக்கும் வெள்ளித் துகள்கள் அந்தத் துணியில் பதிந்திருக்கும். புண்ணின் ஈரம் பட்டதும் வெள்ளி அயனிகள் சிறிது சிறிதாகக் கசிந்து கிருமிகளைக் கொல்லும். கட்டை அடிக்கடி மாற்றிப் புதுத் தசையைக் கிளற வேண்டியதில்லை. அடுத்த முறை தாம் பார்க்கும்வரை யாரும் பிரிக்கக் கூடாது என்றார் மருத்துவர்.

அடுத்த முறை அவர் பிரித்துப் பார்த்தபோது பலன் தெரிந்தது. புண்ணின் ஓரத்தில் மாதுளை முத்தின் நிறத்தில் தசை அரும்பியது. கால் தப்பிவிடும் என்றார் அவர்.

"என்னங்க, மாடிப்படி ஏறிருவேன்ல? வத்தல் காயப்போட்டு எம்புட்டு நாளாச்சு" என்றாள் அவள்.

அந்த வாரம் அவளுடைய அண்ணன் வந்தார். சமயநல்லூரில் மரக்கடை வைத்திருந்தவர். எதையும் பாதி கேட்டுவிட்டு, மீதியைத் தாமே சொல்லி முடிப்பவர்.

"வெள்ளிய வச்சா கட்டிருக்காக?"

"ஆமாம்."

"கொலுசு செய்யிற வெள்ளியா?"

"தனிமம் அதேதான். ஆனால் துகளின் அளவு..."

"அளவு கெடக்கட்டும் மாப்ள. இந்த வெள்ளி சமாச்சாரத்த எங்க ஊர்ல மாடு மேய்க்கிறவனும் சொல்லுவான். நீங்க இம்புட்டுப் படிச்சு இப்பத்தான் அங்கன வந்து நிக்கிறீக."

அவள் சிரித்துவிட்டாள். அண்ணன் பேசினால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

உடம்பில் எந்த உறுப்புக்கு நோவோ, அந்த உறுப்பின் வடிவம் பதித்த மெல்லிய வெள்ளித் தகட்டை வாங்கி, நோவுள்ள இடத்தில் ஒற்றி, அம்மன் கோயில் உண்டியலில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கண்ணுக்குக் கண், கைக்குக் கை. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் தீங்கு வந்ததாகவும் கேள்விப்பட்டதில்லை. ஒற்றிய தகடு உண்டியலுக்குப் போய்விடும்.

இவர் போடவில்லை. ஒத்தக்கடையில் ஒரு கல்லூரித் தேர்வு வேலையாக நான் போயிருந்த நாளில், பாதம் பதித்த தகட்டோடு வந்து, கட்டைப் பிரித்து, மருந்துத் துணியை ஒதுக்கிவிட்டுத் தகட்டைப் புண்ணின் மேல் வைத்து, பழையபடி சுற்றிக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். சாமியும் விஞ்ஞானமும் ஒன்றையே சொல்லும்போது உண்டியலில் போட்டு வீணாக்குவானேன் என்பது அவர் கணக்கு.

மாலையில் நான் திரும்பியபோது கட்டு வெளியே ஒழுங்காகத்தான் தெரிந்தது. அண்ணன் கைவைத்ததை அவளும் என்னிடம் சொல்லவில்லை. பிரிக்கக் கூடாத கட்டு என்பதால் நான் பிரிக்கவில்லை.

காய்ச்சல் கண்டபின் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் கட்டைப் பிரித்தார். நாற்றத்தில் செவிலி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சீழ் வெளியேற வழியில்லாதபடி தகடு புண்ணை மூடியிருந்தது. அதன் விளிம்பு புதுத் தசையை அறுத்திருந்தது. இடுக்கியால் அதை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு மருத்துவர் என்னைப் பார்த்தார்.

"என்ன சார் இது? நீங்க வாத்தியார்தான?"

அவள்தான் மருத்துவருக்குப் பதில் சொன்னாள். "அண்ணேதான் வச்சுச்சு. அவுக்கக் கூடாதுன்னு நீங்களும்தான சொன்னீக?"

நஞ்சு எலும்புவரை போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதுவும் போதவில்லை, இரத்தத்தில் பரவியது. மாடிப்படியை அவள் மறுபடி ஏறவில்லை.

ஈமக்காரியங்கள் முடிந்தபின் அந்தத் தகட்டில் ஒரு துண்டை வெட்டிப் பழைய ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். நைட்ரிக் அமிலத்தில் கரைத்து உப்பு நீர் விட்டேன். வெள்ளியாக இருந்தால் தயிர் போல வெண்மையாகத் திரிய வேண்டும். திரியவில்லை. கரைசல் நீலம் கலந்த பச்சையாகவே நின்றது. செம்பும் நிக்கலும் கலந்த ஜெர்மன் சில்வர். பெயரில் மட்டுமே வெள்ளி.

இதை நான் அவள் அண்ணனுக்குச் சொல்லவில்லை. ஆய்வகத்தில் பார்த்த யாரோ சொல்லிவிட்டார்கள். முதலாண்டுத் திதியன்று, இலையில் உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"கடைக்காரப் பய ஏமாத்திப்புட்டான் மாப்ள. தெரிஞ்ச அன்னைக்கே போய் அவன் சட்டையப் பிடிச்சேன்."

நான் ரசம் ஊற்றினேன்.

"நல்ல வெள்ளியா இருந்திருந்தா எந் தங்கச்சி பொழச்சிருப்பாள்ல?"

பந்தியில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அவர் கேட்டது ஒரே ஒரு "ஆமாம்". அதைச் சொல்லியிருந்தால் பழி முழுவதையும் கடைக்காரனிடம் இறக்கிவிட்டு அவர் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். அவளைக் கேட்க முடிந்திருந்தால் சொல்லச் சொல்லியிருப்பாள்.

"இல்லை" என்றேன். "சுத்த வெள்ளித் தகடாக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அவள் புண்ணை மூடியது நீங்கள்."

அவர் இலையை மூடினார். கை கழுவினார். அவள் படத்தின் முன் சற்று நின்றுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார். அடுத்த திதிக்கு அவர் வரவில்லை. நானும் சொல்லி அனுப்பவில்லை. அவளைப் பற்றிச் சிரித்துப் பேசத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். அந்தப் பேச்சு இல்லாமல் இருந்துவிட என்னால் முடிகிறது.