மாஸ்டர்ஸுக்கு முன் ஒரு குளியலறை

முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்த செய்தி வந்தபோது நான் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அதை அம்மாவுக்கு அனுப்பினேன். ரயில் ஷா ஆலாமைத் தாண்டுவதற்குள் அம்மா கவுண்டரில் வேலை பார்க்கும் கிளினிக்கில் டாக்டர், நர்ஸ், மருந்து வாங்க வந்தவர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. நான் கடிதத்தின் இரண்டாம் பக்கத்துக்கு வந்தபோதுதான் கவனித்தேன். சேருகிறேனா இல்லையா என்று மூன்று வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கட்டடக்கலை படித்தவர்களுக்கு இது வழக்கமான தலைவலி. மூன்று வருட இளங்கலை முடிந்ததும் இரண்டு வருட மாஸ்டர்ஸ் படிக்க வேண்டும். அது இல்லாமல் ஆர்கிடெக்ட் ஆக முடியாது. நடுவில் வேலைக்குப் போவதா, நேராகப் படிக்கப் போவதா என்பது அவரவர் பாடு. நேராகப் போனால் செங்கல்லைத் தொடாதவள் என்பார்கள். வேலைக்குப் போனால் இனி இவள் எங்கே திரும்பப் போகிறாள் என்பார்கள். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி நடந்த சண்டையில் இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள்.

எனக்கு அப்படி எந்தக் குழப்பமும் இல்லை. செப்டம்பரில் மாஸ்டர்ஸ். அதுவரை வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்றுதான் பிரிக்பீல்ட்ஸில் கண்ணாடிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்தேன். பாஸ் ஒரு பெண்மணி. நாற்பது வயது இருக்கும். ஒரு கையில் வடை, ஒரு கையில் போன், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இன்னொரு போன். மொத்தம் நான்கு பேர் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு எட்டுப் பேர் செய்ய வேண்டிய வேலை வந்துகொண்டிருந்தது.

வேலை என்றாலே அம்மாவுக்குப் பயம். பள்ளி முடித்ததும், பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் ஆறாம் படிவத்தில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரு வருடம் சம்பாதித்துவிட்டுப் போகலாம் என்று ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். பிறகு கல்யாணம், பிறகு நான். இதை அவர் எப்போதும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கதையை முடிக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையாவது துடைக்க ஆரம்பித்துவிடுவார். "வேலை பாரு, ஆனா அதுல ஒட்டிக்காதே," என்று முதல் நாளே சொல்லி அனுப்பினார்.

இந்த நேரத்தில்தான் கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் இருந்த வீட்டுக்கு மாடி எடுக்கும் வேலை வந்தது. உன் ஊர்தானே, நீயே பார் என்று பாஸ் என் மேசையில் போட்டுவிட்டார். நானும் சந்தோஷமாக அளவெடுக்கப் போனேன். வீட்டுக்கார ஆன்டி காபி கொடுத்தார், முறுக்கு கொடுத்தார், கிளம்பும்போது சாமி மேடைக்கு அழைத்துப்போய்த் திருநீறு கொடுத்தார். நான் பக்தியோடு பூசிக்கொண்டு வந்தேன். பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து மேல்மாடியை வரைந்தேன். புதுப் படுக்கையறை, பெரிய சன்னல், ஒட்டினாற்போல் ஒரு குளியலறை. குழாய்கள் நேர்க்கோட்டில் இறங்க வேண்டும் என்று கல்லூரியில் படித்ததை அப்படியே கடைப்பிடித்தேன். என் ஒழுங்கைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

வரைபடங்களை ஆன்டி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். அங்கிள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"இது என்னம்மா?"

"அட்டாச் பாத்ரூம் ஆன்டி. ஷவர்ல மழை மாதிரி தண்ணி கொட்டும்."

"நல்லாருக்கு. டாய்லெட் எங்க?"

காட்டினேன்.

"அதுக்கு நேர் கீழ என்ன இருக்கு?"

நானே கீழ்த்தளத் தாளை எடுத்து மேல்தளத் தாளுக்கு அடியில் வைத்து, இரண்டையும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். வீடு கட்டியவர்கள் கொடுத்த பழைய வரைபடத்தில் அந்த இடத்துக்கு ஸ்டோர் என்று போட்டிருந்தது. நானும் அதை மாற்றாமல் ஸ்டோர் என்றே விட்டிருந்தேன். அந்த ஸ்டோரில்தான் நான் திருநீறு பூசிக்கொண்டேன். முருகனின் தலைக்கு நேர் மேலே நான் டாய்லெட் வைத்திருந்தேன்.

அங்கிள் டிவி சத்தத்தைக் குறைத்தார். ஆன்டி என்னைத் தாண்டிச் சாமி மேடையைப் பார்த்தார். "முருகா, நீயே பார்த்துக்க," என்று முருகனிடமே புகார் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றும் வீட்டில் வளர்ந்தவள் நான். குளித்துவிட்டுத்தான் சாமி மேடைப் பக்கம் போக வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கையில் மவுஸ் வந்ததும் எல்லாம் மறந்து, யார் வீட்டுக்கோ வரைவதுபோல் வரைந்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அலுவலகத்தில் போய்ச் சொன்னதும் பாஸ் வாயில் இருந்த வடையோடு சிரித்தார். "வேற யாராச்சும் பண்ணியிருந்தா மன்னிச்சிருப்பாங்க. நீ பண்ணதுதான் அவங்களுக்குத் தாங்கல," என்றார். பிறகு, போய்ச் சரி செய் என்றார்.

சரி செய்வது அவ்வளவு சுலபமாக இல்லை. டாய்லெட்டை நகர்த்தினால் குழாய் உத்தரத்தில் முட்டியது. குழாயைச் சுற்றிவிட்டால் சன்னல் சுருங்கியது. சன்னலைக் காப்பாற்றினால் கட்டில் கதவில் இடித்தது. நான்காவது வரைபடத்தில்தான் எல்லாம் பொருந்தி வந்தது. சாமி மேடைக்கு மேலே இப்போது பீரோ. ஆன்டி வெகுநேரம் பார்த்தார். "பீரோ பரவால்ல. அடியில செருப்பு வைக்க மாட்டோமே?" என்று கேட்டார். செருப்புக்கு வாசலிலேயே தனியாக இடம் வைத்திருந்ததைக் காட்டினேன். டாய்லெட் விவகாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். பல்கலைக்கழகத்தில் ஆற்றின் மேல் மிதக்கும் நூலகம் ஒன்றை வடிவமைத்துப் பரிசு வாங்கியவள் நான். அந்தப் பரிசை வாங்கிய அன்றைக்கு, இந்தச் சிரிப்பு தந்த சந்தோஷத்தில் பாதிகூட எனக்கு வரவில்லை. அந்த நூலகத்தில் செருப்பை எங்கே விடுவது என்று யாரும் கேட்கவும் இல்லை.

அந்தச் சுவர்கள் எழும்புவதை நான் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. நகராண்மைக் கழகத்தின் அனுமதி வந்து வேலை தொடங்கும் நேரத்தில் நான் வகுப்பில் இருப்பேன். சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிவைக்கலாமா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டேன். ஒரே ஒரு வருடம், அதற்கு மேல் இல்லை என்று பதில் வந்தது. பாஸிடம் யோசனை கேட்டேன்.

"என்கிட்ட கேக்காதே. எனக்கு ஆள் பத்தல, அதனால இருன்னுதான் சொல்வேன். அது எனக்கு நல்ல அட்வைஸ். உனக்கு நல்லதான்னு எனக்குத் தெரியாது."

அம்மாவிடம் சொல்ல கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கூட்டம் நிறைந்த வாழையிலைச் சாப்பாட்டுக் கடையைத் தேர்ந்தெடுத்தேன். பத்துப் பேர் முன்னால் சத்தம் போட மாட்டார் என்று கணக்கு. அம்மா சத்தம் போடவில்லை. ரசம் வரைக்கும் சாப்பிட்டு, இலையை மூடினார்.

"நானும் ஒரு வருசம்னுதான் சொன்னேன்."

அவ்வளவுதான். மூன்று நாள் பேச்சில்லை. எங்கள் வீட்டில் பேச்சில்லை என்றால் தட்டில் சாப்பாடு வரும், பசியாறிட்டியா என்ற கேள்வி வராது. லோரி ஓட்டும் அப்பா, அம்மா சொல்றதைக் கேளு என்று சொல்லிவிட்டு துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டார். பதில் அனுப்ப இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. அம்மா வேண்டாம் என்றால் நான் தள்ளிவைத்திருக்க மாட்டேன். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.

நான்காம் நாள் காலை என்னை ரயில் நிலையத்தில் இறக்கிவிடும்போது அம்மா காரை நிறுத்தினார், ஆனால் கதவு பூட்டைத் திறக்கவில்லை.

"எனக்கு அந்த வேலை பிடிச்சுப்போய் இருந்துட்டேன்னு நினைக்கிறியா? பிடிக்கவே இல்ல. ஒரு வருசம் முடிஞ்சதும், எப்போ திரும்பப் படிக்கப் போறேன்னு யாராச்சும் கேப்பாங்கன்னு இருந்தேன். என்ன பதில் சொல்றதுன்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன். ஒருத்தரும் கேக்கல."

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அம்மா கண்ணாடியில் அவனை முறைத்தார்.

"நான் உன்னைக் கேப்பேன். மாசா மாசம் கேப்பேன். எரிச்சல் வந்தாலும் நீ பதில் சொல்லணும். சரியா?"

சரி என்றேன். பூட்டு திறந்தது. அன்று ரயிலில் நின்றபடியே, ஒரு வருடம் தள்ளிவைக்கிறேன் என்று பதில் அனுப்பிவிட்டு அழுதேன், ஓர் அக்கா எழுந்து இடம் கொடுத்தார்.

அம்மா சொன்னதைச் செய்தார். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலை எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரே சொல்: எப்போ? நானும் ஒரே சொல்லில் பதில் அனுப்புவேன்: செப்டம்பர். ஆன்டி வீட்டுச் சாரத்தில் நின்றபோதும் வந்தது, பல் டாக்டர் என் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோதும் வந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது.

போன சனிக்கிழமை சேர்க்கையை உறுதிசெய்து கடிதம் வந்தது. அம்மாவிடம் காட்டினேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். திரும்பவும் படித்தார். நெஞ்சில் இருந்த கல் இறங்கியது அவர் தோளிலேயே தெரிந்தது. இனி முதல் தேதி கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று சிரித்தார்.

"நீங்க எப்போ மா?" என்றேன்.

"நான் எங்க?"

"ஆறாம் படிவம்."

"பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு," என்று எழுந்து பாத்திரம் கழுவப் போனார். கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் குழாயை மூடினார்.

"அதுக்கெல்லாம் வயசு வரம்பு இருக்குமா?" என்று அங்கிருந்தபடியே கேட்டார்.