அவரையே கேளுங்க

எண்பதுகளில் விழுப்புரம் – திண்டிவனம் பஸ்ஸில் அந்த அம்மாளை அடிக்கடி பார்ப்பேன். ஒடிசலான உடம்பு, நீலக்கரைப் புடவை. மனவளர்ச்சி குன்றிய பெரியவர்களுக்காக அரசு செலவில் நடந்த இல்லத்தில் வேலை. அங்கிருப்பவர்களை வெளியே அழைத்து வரும்போது, அவர்களுக்காக ஒருநாளும் பதில் சொல்லமாட்டார்.

ஒருமுறை அம்மாளுடன் வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும்.

“இவர எங்கம்மா இட்டுக்கினு போறீங்க?” என்றார் கண்டக்டர்.

“அவருதான் என்ன இட்டுக்கினு போறாரு. அவரையே கேளுங்க.”

உடன் வந்தவருக்கு வாய் திறந்தும் சொல் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

“ஜல்தியா நீயே சொல்லும்மா, கும்பலா இருக்குது” என்றார் கண்டக்டர்.

அம்மாள் உடன் வந்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திண்டிவனம்” என்றார் அவர், கடைசியில். “ரெண்டு பேரு.”

“சரிங்க” என்று டிக்கெட்டை அவர் கையிலேயே கொடுத்தார் கண்டக்டர்.

அத்தனை பேர் அவசரத்துக்கு நடுவே அந்த அம்மாளால் எப்படிச் சும்மா இருக்க முடிந்தது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.