ஃபோர்க்குக்குத் தடுப்பு வேண்டாமாம், நான் இருக்கிறேனாம்!

இன்று எங்கள் எஸ்டேட் உரக் கிடங்குக்கு ஈப்போ நகரத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். சின்ன டிராக்டரின் முன்னால் மாட்டி, மூட்டைகளைப் பலகையோடு தூக்கும் ஃபோர்க் விற்பவர்.

"நீளமானது இருக்கு. அகலத்தைக் கூட்டிக் குறைக்கிறதும் இருக்கு. பின்னால கம்பித் தடுப்பு வெச்சா மூட்டை சரியாது" என்றார்.

"அந்தத் தடுப்புதான் வேணும்" என்றார் டிராக்டர் ஓட்டும் முனியாண்டி அண்ணன்.

எங்களை வேலை வாங்கும் மண்டோர் சிரித்தார். "தடுப்பு எதுக்கு லா? அதான் இந்தப் பொண்ணு இருக்கே, பிடிச்சுக்கும்."

அந்தப் பொண்ணு நான்தான். மேல் மூட்டை டிராக்டர் பக்கம் சரியாமல், முன்சக்கரத்தை ஒட்டி நடந்துகொண்டே கையால் தாங்குகிறவள். போன வாரம் சக்கரம் என் செருப்பின் மேல் ஏறியது. கால் தப்பியது.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஆனால் இன்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இனிமே நான் பிடிக்க மாட்டேன்."

"ஓ, வாய் வந்துருச்சா?"

"அப்ப நீங்க வந்து பிடிங்க மண்டோரே, நான் ஓட்டுறேன்" என்றார் அண்ணன்.

மண்டோர் சக்கரத்தைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார்.

"தடுப்பு வெச்சதையே குடுங்க லா."

அவர் கால் என்றதும் தடுப்பு வந்துவிட்டது! இத்தனை நாளும் நான் டிராக்டரின் உதிரிப் பாகம். உங்கள் வேலையிடத்தில் நீங்கள் எந்தப் பாகம்? கொஞ்சம் சொல்லுங்களேன்.