இரண்டு விதமான அட்டைகள்

எங்கள் சபையில் வருடப்பிறப்புக் காலை ஆராதனை முடிந்ததும், ஒரு தாம்பாளத்தில், வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்து வரிசையாக நீட்டுவார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். எந்த வசனம் வருகிறதோ அதுதான் அந்த வருடம் முழுக்க நமக்கு ஆண்டவர் தந்த வாக்கு. தெருவில் கிளி ஜோசியக்காரன் வந்தால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறவர்கள்தான் நாங்கள். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம் என் கணவர் எடுத்த அட்டையில், சாவு இல்லை, பிழைத்திருப்பாய் என்கிற பொருளில் ஒரு வசனம் வந்தது. பக்கத்திலிருந்து பார்த்த நான் அட்டையை அவர் கையிலிருந்து வாங்கி இன்னொரு தடவை வாசித்தேன். அப்போது அவருக்குக் காசநோய்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், பஞ்சு உடைக்கிற பகுதியில் அவருக்கு வேலை. இருமல் தொடங்கியபோது தூசியால் வருகிறது என்றே நினைத்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில்தான் நோயின் பெயரைச் சொன்னார்கள். ஒன்றரை வருடம் மாத்திரை. மாதாமாதம் போய் வாங்கி வர வேண்டும். ஐந்தாவது மாதத்தில் இருமல் நின்றது, கன்னத்தில் சதை பிடித்தது. மாத்திரை மட்டும் வயிற்றைப் பிரட்டிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில்தான் அட்டை வந்தது.

"ஆண்டவரே சொல்லிட்டாரு. இன்னமும் மாத்திரயத் தின்னா அவர நம்பலைன்னுதான அர்த்தம்?" இப்படிச் சொன்னது நான்தான்.

"டாக்டரு ஒன்றர வருசம்னாரேட்டி."

"டாக்டரு பெருசா, அவரு பெருசா?"

அவர் சாது. என்னிடம் வாய் கொடுத்து ஜெயிக்க முடியாது என்று தெரிந்தவர். மாத்திரையை நிறுத்தினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, என் வீட்டுக்காரருக்குப் பூரண சுகம், மருந்தையே விட்டுவிட்டோம் என்று சாட்சி சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். அதன் பிறகு பெண்கள் என்னிடம் வந்து ஜெபிக்கச் சொன்னார்கள். அந்த மரியாதை எனக்கு இனித்தது, மறைப்பானேன்.

பிப்ரவரியில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. மருந்து வாங்க வரவில்லை, உடனே வரவும் என்று எழுதியிருந்தது. அவர் மில்லுக்குப் போயிருந்தார். நான் அதை அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன். அடுத்த மாதம் இன்னொன்று வந்தது. அதையும் அங்கேயே வைத்தேன். சபைக்கு முன்னால் அப்படிப் பேசிவிட்டு, மறுபடி மருந்து வரிசையில் போய் நின்றால் ஊர் என்ன சொல்லும்? ஆண்டவருடைய பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். காப்பாற்றியது என் பெயரைத்தான்.

ஆனி மாதத்தில் ஒரு காலை இருமலோடு ரத்தம் வந்தது. அப்போதும் பத்து நாள் ஜெபம் என்று இழுத்தடித்தேன். கடைசியில் கூட்டிக்கொண்டு போனபோது, பழைய மருந்து இனிக் கேட்காது என்றார் டாக்டர். ஐப்பசி மழையில் அடக்கம் செய்தோம்.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆண்டவரின் சித்தம் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு எரிந்தது. வேதப்புத்தகத்தை டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு வருடம் சோற்றின் ருசி தெரியாமல் தின்றேன்.

ஒரு காய்ச்சலுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, என் கணவருக்கு மருந்து கொடுத்த நர்ஸ் என்னை அடையாளம் கண்டுகொண்டார். என் வயதுதான் இருக்கும். அவரும் கிறிஸ்தவர்.

"ரெண்டு அட்ட போட்டேனே, வரலையா?" என்றார்.

"வந்துச்சு" என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மருந்துச் சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "புதன்கிழம சாயங்காலம் எங்க வீட்ல நாலு பேரு வேதம் வாசிக்கோம். வாங்க" என்றார்.

சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். அங்கே ஒரே ஒரு சட்டம். ஒரு அதிகாரத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசிக்க வேண்டும். யார், யாரிடம், எந்த நிலைமையில் சொன்னது என்று கேட்டு முடிக்கும் வரை, "இது எனக்கு" என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அட்டையில் வந்த அந்த வசனத்தை, அது வருகிற சங்கீதப் பாட்டு முழுவதோடும் சேர்த்து வாசித்தபோது, அது எப்போதோ ஆபத்திலிருந்து தப்பித்த ஒருவர் நன்றியோடு பாடியது என்று புரிந்தது. யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்து, விலாசத்தில் எங்கள் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறோம். அன்று அந்த வீட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இன்னொரு புதன்கிழமை, பிள்ளைக்கு நோய் வந்ததும் ஏழு நாள் பட்டினி கிடந்து மன்றாடிய ராஜாவின் கதையை வாசித்தோம். பிள்ளை செத்துப்போகிறது. அவர் எழுந்து குளித்து, தொழுதுவிட்டுச் சாப்பாடு கேட்கிறார். அதை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். கேட்டது கிடைக்காமல்தான் அந்த மனுஷன் எழுந்தார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. வீட்டுக்கு வந்து ரசம் வைத்துச் சாப்பிட்டேன். புளிப்பு தெரிந்தது.

துக்கம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் புதன்கிழமைகளால் என் வாரங்களுக்கு ஒரு ஒழுங்கு வந்தது. ஒரு அதிகாரத்தை மனசில் போட்டு அரைத்துக்கொண்டே தறி ஓட்டுவேன். எட்டு மணி நேரம் போவதே தெரியாது. எனக்கு அது போதுமாக இருந்தது. தொண்ணூறுகளில் நர்ஸ் எனக்கு ஒரு வேலையும் கொடுத்தார். அட்டை போட்டும் மருந்துக்கு வராதவர்களின் வீட்டுக்கு, விடுமுறை நாளில் நேரில் போய்க் கூப்பிட வேண்டும்.

மம்சாபுரத்தில் ஒரு வீடு. எங்கள் சபைக்காரர்கள்தான். வாசலிலேயே அந்தப் பெண் என்னை மறித்தாள்.

"அவியளுக்குச் சொகமாயிட்டுக்கா. சபையில சாட்சியும் சொல்லியாச்சு."

உள்ளே யாரோ இருமினார்கள். வழக்கமாகச் சொல்லும் புத்திமதி எதுவும் எனக்கு வாயில் வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து என் கதையைச் சொன்னேன். தாம்பாளம், சாட்சி, அரிசிப் பானை எல்லாம். பிறகு, நர்ஸிடம்கூடச் சொல்லாததையும் சொன்னேன்.

"ரத்தம் வந்த அன்னைக்கு அவிய கேட்டாக, 'ஆஸ்பத்திரில இருந்து ஒரு காயிதங்கூட வரலையேட்டி, நம்மள மறந்துட்டாகளோ?'ன்னு. நான் வரலைன்னு சொன்னேன்."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அவள் கணவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். எலும்பும் தோலுமாக இருந்தார். என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"நமக்கு ஏதும் வந்துச்சாட்டி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "மூணு" என்றாள்.