கிளெனிஸின் இரண்டு மணி

"அந்தக் குதிகால் உசந்த செருப்போடவே நடந்து காட்டு கண்ணு" என்கிறாள் கிளெனிஸ். மணப்பெண்ணாகப் போகிறவள் இரண்டடி வைத்ததும் செருப்பின் குச்சி பலகை இடுக்கில் மாட்டிக்கொள்கிறது. கீழே கடல் சளக் சளக்கென்று அடிக்கிறது. "பாத்தியா? தட்டைச் செருப்பு வாங்கிக்க. மோதிரம் உள்ள விழுந்தா நான் தூண்டில் போட மாட்டேன்."

ஹோபார்ட் துறைமுகத்தில் ஒரு காலத்தில் ஆப்பிள் பெட்டிகள் கப்பலேறிய மரக் கொட்டகை அது. இப்போது அதைக் கல்யாணத்துக்கும் கம்பெனி விருந்துக்கும் வாடகைக்கு விடுவது இவள் வேலை. நான் அங்கே மது ஊற்றிக் கொடுக்கும் பாரைக் கவனிக்கிறேன். வருகிற வாடிக்கையாளரை இப்படி விரட்டாத குறையாக வரவேற்கும் ஜென்மத்தை வேறெங்கும் கண்டதில்லை. அவர்கள் எதிரிலேயே உள்ளங்கையில் சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம் ஒன்றை வைத்து நின்றபடி தின்பாள். வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். தூணில் ஆணி அடிக்கக் கூடாது என்பாள். அரிசி தூவினால் கடற்புறாக்கள் கூட்டமாய் உள்ளே வந்துவிடும். காற்று அதிகமாக இருக்கிறதே என்று யாராவது முகம் சுளித்தால், "மலைக்காத்து எனக்கு மாமனா மச்சானா, சொன்னாக் கேக்க?" என்பாள்.

கடைசியாக ஒன்று சொல்வாள். துறைமுகத்தில் உழைத்த யாராவது செத்துப்போனால், அவரை எடுக்கிற நாளில் யார் விசேஷமாக இருந்தாலும் பிற்பகல் இரண்டு மணிவரை கொட்டகை செத்தவருடையது. ஆப்பிள் அடுக்கிய அந்த நீள மேசையில் சவப்பெட்டியை வைத்து, சுற்றி நின்று ஆளுக்கொரு குவளை பீர் குடித்துவிட்டுத்தான் எடுப்பார்கள். எங்கள் அப்பன் பாட்டன் காலத்து வழக்கம். முன்பணம் தருகிறவர்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். அன்றைக்குப் பார்த்தா ஒருவன் சாகப்போகிறான் என்கிற தைரியம்!

போன மாதம் மெர்வ் செத்தார். சிங்கி இறால் படகுக்காரர். சனிக்கிழமை எடுக்கலாமா என்று அவர் மனைவி ஃபேய் வந்து கேட்டாள். அன்று மாலை வீடு விற்கும் கம்பெனி ஒன்றின் ஆண்டு விழா. அடுத்த கோடை முழுவதும் அவர்களே கொட்டகையை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. கொட்டகையின் நிர்வாகக் குழுத் தலைவர் டங்கன் ஓடி வந்தார்.

"செவ்வாய்க்கிழமை வச்சுக்கச் சொல்லேன் கிளெனிஸ். செத்தவனுக்கு என்ன அவசரம்?"

"செவ்வாய்க்கிழமை படகெல்லாம் கடல்ல கெடக்கும். பெட்டி தூக்க நீ வர்றியா?"

"நண்பகல்லேயே போட்டோ எடுக்க வர்றாங்க. பொணத்தைப் பாத்தா அடுத்த வருஷம் வருவாங்களா?"

"கையெழுத்துப் போடும்போதே சொல்லித்தான் போட வச்சேன்."

"உனக்கு இந்த வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும். என் பொழப்பே இதுலதான் ஓடுது. அதுக்காக ரெண்டு மணி பன்னெண்டு மணியாயிடாது."

இந்த வயதில் அவளுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? வாயை மூடிக்கொண்டு போயேன் என்று கெஞ்சினேன். "நீ போய் குவளையைத் துடை" என்றாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு மெர்வ் அவருடைய படகிலேயே வந்தார். கம்பளிக் குல்லாய் போட்ட ஆறு பேர் பெட்டியைத் தோளில் தாங்கிப் படியேறினார்கள். உள்ளே நீள மேசையில் வெள்ளைத் துணி விரித்து, வீடு போலவே செய்த பெரிய கேக்கை டங்கன் முன்கூட்டியே வைத்திருந்தார். மேசைக்கு முன்னால் கைகளை அகல விரித்து நின்றார்.

"இதுக்கு மேல ஒரு அடி வந்தா, இன்னையோட உன் வேலை போச்சு கிளெனிஸ்."

தூக்கி வந்தவர்கள் பாரத்தோடு நின்றுவிட்டார்கள். பின்னால் ஃபேய், "வேண்டாம் கிளெனிஸ், செவ்வாய்க்கிழமையே பாத்துக்கறோம்" என்று தலைகுனிந்தாள்.

கிளெனிஸ் டங்கனைச் சுற்றிக்கொண்டு மேசைக்குப் போனாள். கேக்கைத் தட்டோடு தூக்கி, விரித்திருந்த டங்கனின் இரண்டு கைகளிலும் வைத்தாள். கீழே போட முடியாமல் அவர் அதை நெஞ்சோடு அணைத்தபடி ஒதுங்கினார். அவள் மேசைத் துணியின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினாள். பிறகு பெட்டியைத் தூக்கி நின்றவர்களைப் பார்த்து மேசையை இரண்டு முறை தட்டினாள்.