வாசலில் ஒரு ஸ்டூல்

ரத்தத்தில் ஒரு புரதம் துளியூண்டு இருந்தாலும் மின்சாரத்தால் கண்டுபிடிக்கிற சென்சார்தான் என் ஆராய்ச்சி. அரை மணி நேரம் எடுத்த சோதனையை மூன்று நிமிடத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். ஆனால் சின்ன இடைஞ்சலுக்கும் திரையில் கோடு நடுங்கும், பக்கத்தில் ஃபோன் அடித்தால் ரொம்பவே. அதனால் ஃபோனை லேப் வாசலில் ஸ்டூல்மேல் வைத்துவிட வேண்டும். யாராவது உள்ளே கொண்டுவந்தால் சண்டைக்கே போவேன்.

அன்று பௌர்ணமி. லேபுக்கு வெளியே செங்கம் ரோடு முழுக்கக் கூட்டம். கூட வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு கிரிவலம் போய்விட்டார்கள். நான் மட்டும் காலையிலிருந்து அளந்துகொண்டிருந்தேன். சாயங்காலம்வரை கோடு ஒருமுறைகூட நடுங்கவில்லை. சென்சார் கடைசியில் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

கிளம்பும்போது பார்த்தால் ஸ்டூல் காலி. ஃபோன் நாள் முழுக்க என் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது, ஒரு அழைப்புகூட வராமல், சார்ஜ்கூட அவ்வளவாகக் குறையாமல்.